தேனீ வளர்ப்புச் சான்றிதழ் இருந்தால் ஊரில் நம் பேச்சு எடுபடுமா?

அரவக்குறிச்சி_முருங்கை (கேள்வி):
வணக்கம். எங்கள் மகளிர் குழுவில் 12 பேர் தேனீ வளர்க்கப் பழகலாம் என்று இருக்கிறோம். தேன் விற்பது இரண்டாம்பட்சம்தான். இங்கே முருங்கை பூத்து நிற்கும்போது தேனீ வருகிற நேரமான காலை எட்டு மணிக்கே பூச்சிமருந்து அடிக்கிறார்கள், அதை மாற்ற வேண்டும் என்பதுதான் ஆசை. நாங்கள் சொன்னால் "உனக்கென்னம்மா தெரியும்" என்கிறார்கள். சான்றிதழ் இருந்தால் கேட்பார்களோ? போன வருடம் ஓர் இடத்தில் பயிற்சிக்குப் போனேன், மூன்று மணி நேரம் திரையில் படம் காட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள், ஒரு பெட்டியைக்கூடத் திறந்து காட்டவில்லை. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன பேசுவது? முறையாக எங்கே கற்றுக்கொள்ளலாம்?

வேளாண்_மாணவி:
அக்கா, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதந்தோறும் ஒருநாள் பயிற்சி நடக்கிறது, தொடக்கத்துக்கு அது நல்லது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-இல் தொடங்கிய தேன் இயக்கத்தில் பயிற்சியோடு பெட்டிகளும் தருகிறார்கள். ஆனால் இவை எல்லாம் பெட்டித் தேனீயைப் பற்றியவை. உங்கள் முருங்கைப் பூவில் கருப்பாய், பெரிதாய், ரீங்காரத்தோடு வந்து உட்காருமே தச்சுத் தேனீ, அதற்கு யாரும் பெட்டி வைப்பதில்லை, பட்ட மரத்தைத் துளைத்துத்தான் குடியிருக்கும். கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும் நீலப்பட்டைத் தேனீக்கு அது கைவந்த வேலை, பெட்டித் தேனீயால் முடியாது. அதனால் 12 பேரும் இந்தக் காட்டுத் தேனீக்களையும் அடையாளம் காணப் பழகுங்கள், வேலியோரத்துப் பட்ட மரத்தை வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.

குழித்துறை_தேன்காரன்:
தங்கச்சி, நான் மார்த்தாண்டம் பக்கம், அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியாது. தேனீக் கூட்டம் பெருகுகிற பெருக்க காலம், தேன் காலம், பூ இல்லாத பஞ்ச காலம் என்று மூன்று இருக்கிறது. எங்களுக்கு ரப்பர் தளிர் விடும்போது தேன், மழைக் காலத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். மூன்று காலத்தையும் கைப்பட்டுப் பார்த்தவருக்குத்தான் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1991-92 வாக்கில் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸ் வந்து பெட்டி பெட்டியாகக் காலியாயிற்று. செத்த புழுவை இடுக்கியால் தூக்கினால் தண்ணீர்ப் பை மாதிரி தொங்கும். அப்பா பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கிற ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிய காரியம். ஒரு வருடம் யாராவது அனுபவசாலி கூடவே நில்லுங்கள்.

காங்கயம்_காட்டுக்காரர்:
சான்றிதழைக் காட்டி யாரும் மனசு மாறி நான் பார்க்கலைங்க. பக்கத்துத் தோட்டத்தில் காலையில் மருந்தடித்த அன்றைக்கு என் பெட்டி வாசலில் தேனீக்கள் நாக்கு வெளியே நீட்டியபடி குவியலாகச் செத்துக் கிடந்தன. ஆத்திரம் வந்தது, ஆனாலும் சண்டைக்குப் போகாமல் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். அவர் பூசணி போட்டிருந்தார். பெண்பூ இரண்டைத் துணி கட்டி மூடச் சொன்னேன், நாலு நாளில் இரண்டும் வாடி விழுந்தன, பக்கத்தில் திறந்திருந்த பூக்களில் பிஞ்சு நின்றது. அதற்கப்புறம் அவராகவே சாயங்காலம், தேனீ அடங்கிய பிறகுதான் அடிக்கிறார், முந்தின நாளே எனக்குப் போன் பண்ணியும் சொல்லிவிடுகிறார்.

அரவக்குறிச்சி_முருங்கை:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. துணி கட்டுவதை எங்கள் சித்தப்பா தோட்டத்துப் பூசணியில் நாளைக்கே செய்து பார்க்கிறேன். குழித்துறை அண்ணா, பெருக்க காலம் தொடங்கும்போது நாலு பேர் உங்களிடம் வந்து தங்கிப் பழகலாமா?

குழித்துறை_தேன்காரன்:
புரட்டாசி கடைசியில் வாங்கம்மா. ஒரு பெட்டிக் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிற சமயம், கைக்கு வேலை இருக்கும்.