சினை ஊசி போட்ட பிறகு அந்த முதல் மூன்று வாரம்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் கிடேரிக்கு (இன்னும் கன்று போடாத இளம் பசு) மூன்று தடவை சினை ஊசி, அதாவது உறைய வைத்த காளை விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஊசி, போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது தடவை ஊசி போட்ட இரண்டாம் நாள் வாலில் ரத்தம் ஒட்டிக் காய்ந்திருந்தது. கலைந்துவிட்டது என்று நினைத்து அன்று முழுக்க மனசே சரியில்லை. மருத்துவரிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பருவம் ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்கும்போது கருப்பையின் உள்சுவரிலிருந்து கசியும் ரத்தமாம் அது. சினை பிடித்ததற்கும் அடையாளமில்லை, பிடிக்காததற்கும் அடையாளமில்லை. பருவம் வந்து போனது என்பது மட்டும் உறுதி.

பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை மணிக்குக் கத்த ஆரம்பிச்சுது, எத்தனை மணிக்கு ஊசி போட்டீங்க?" மூன்று தடவையும் காலையில் கத்தினதுமே ஆளைக் கூப்பிட்டுவிட்டோம். தப்பு அங்கேதான். பசுவுக்குப் பருவம் தொடங்கி ஏறக்குறைய 24 முதல் 30 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். வந்தபின் அதற்குச் சில மணி நேரமே உயிர். உறைவிந்தும் ரொம்ப நேரம் தாங்காது. நாங்கள் அவசரப்பட்டதில், முட்டை வருவதற்குள் விந்தணுக்கள் ஓய்ந்துபோயிருக்கின்றன. மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்பது காலையில் என்றால் மாலையில் ஊசி, மாலையில் என்றால் மறுநாள் காலை.

நான்காவது தடவை அப்படியே செய்தோம். பருவத்தில் பின்பக்கம் வடியும் கொழகொழப்பான வழும்பு கண்ணாடி மாதிரி, அறுபடாமல் தரை வரைக்கும் தொங்கியது. சினை பிடிக்காவிட்டால் 21-ஆம் நாள் வாக்கில் மறுபடி பருவம் வந்துவிடும் என்பதால், அன்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. 30-ஆம் நாள் ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்த நீருக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குள் துடிப்பு. அதைப் பார்த்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது.

*

எங்களுக்கு நடந்தது நேர் எதிர். ஊசி போட்டு நாற்பது நாளுக்கு மேல் ஆன பசு திடீரென்று மற்ற மாட்டின் மேல் ஏறியது. நிற்கலை போல என்று மறுபடி ஊசி போட்டோம். சில நாளில் கலைந்துவிட்டது. சினை மாடுகளிலும் சில இப்படிப் பருவம் வந்த மாதிரி நடந்துகொள்ளும் என்று அப்புறம்தான் தெரிஞ்சுது. சினையாக இருக்கும்போது கருப்பை வாயைக் கெட்டியான வழும்பு அடைத்திருக்கும். ஊசிக் குழாய் அதைத் தாண்டி உள்ளே போனால் கருவுக்கு ஆபத்து. ஏற்கெனவே ஊசி போட்ட மாடு என்றால், சினை பார்க்காமல் திரும்பப் போட விடாதீங்க. இன்னும் எனக்கு ஆறவில்லை.

*

ஆடு வளர்க்கிறேன். ஒரு வெள்ளாட்டுக்கு வயிறு நன்றாக இறங்கியிருந்தது. 150 நாள் கணக்குப் போட்டு இடமெல்லாம் சுத்தம் செய்து வைத்தேன். ஒரு விடியற்காலை படுத்த இடம் முழுக்கத் தண்ணீர், பின்பக்கம் நனைந்து ஒட்டியிருக்கிறது, வயிறு வற்றிவிட்டது. குட்டியும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. பொய்ச்சினை. முட்டைப்பையில் சினையைக் காக்கும் மஞ்சள் உடல் கரையாமல் நின்றுவிட்டதால் கருப்பையில் நீர் மட்டும் சேர்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் சினை என்று நம்புவதற்கு முன் ஸ்கேன் செய்துவிடுகிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். மருத்துவர் சொன்ன இன்னொன்றையும் சேர்க்கிறேன். சினை நிற்காத மாடுகள் பலவற்றில் கரு உருவாகவே செய்கிறதாம். நாலைந்து நாளில் கருக்குழாயிலிருந்து கருப்பைக்கு இறங்கி, 16-ஆம் நாள் வாக்கில் நூல்போல நீண்டு, ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அதுதான் மஞ்சள் உடலைக் கரையவிடாமல் தடுக்கிறது. அதற்கு முன்பே கரு செத்துப்போனால் மாடு வழக்கம்போல் 21 நாளில் பருவத்துக்கு வந்துவிடும். நமக்கு எதுவுமே தெரியாது. அதற்குப் பிறகு செத்தால்தான் நாள் தள்ளி வரும். அதனால் தேதியோடு மணியையும் நோட்டில் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். நாள் தள்ளிப் பருவம் வந்த மாடு யாரிடமாவது இருந்தால் எத்தனையாவது நாள் வந்தது, அதற்கு முன் காய்ச்சலோ வெயில் தாக்கமோ இருந்ததா என்று எழுதுங்கள்.