சைடெக்ஸ் கரைசல் ஆறாம் நாளே ஸ்ட்ரிப்பில் தோற்கிறது, உதவி தேவை (திருகோணமலை)

உப்புவெளி தாதி:

வணக்கம். திருகோணமலையில் ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் வேலை செய்கிறேன். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் கிழமையில் ஆறு நாளும் பின்னேரம் வருகிறார். மூக்கு வழியாக விட்டுப் பார்க்கும் வளையும் ஸ்கோப், தொண்டைக் கண்ணாடிகள், சக்ஷன் முனைகள் எல்லாவற்றையும் கிருமி கொல்லும் மருந்தான 2.4 சதவீத குளூட்டரால்டிஹைட்டில் 45 நிமிடம் ஊறவைக்கிறோம். எந்தக் கம்பெனியின் போத்தல் வந்தாலும் இங்கே எல்லோருக்கும் அது சைடெக்ஸ்தான்.

லேபலில் கலந்த நாளிலிருந்து 14 நாள் என்று இருக்கிறது. ஆனால் இரண்டு தடவையாக, மருந்தின் செறிவு போதுமா என்று பார்க்க முக்கும் ஸ்ட்ரிப் ஆறாம் நாளே தோற்கிறது. பட்டை முழுவதும் மஞ்சளாக வரவேண்டும். எனக்கு நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளைத் திட்டுமாக வருகிறது. பொறுப்பாக இருப்பவர் "14 நாள் என்று போட்டிருக்கிறதுதானே, ஸ்ட்ரிப் பழுதாயிருக்கும், பாவியுங்கள்" என்கிறார். போத்தல் கொழும்பிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம், அவர் யோசிப்பது விளங்குகிறது. ஆனாலும் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்த பிறகு அதே தட்டில் ஸ்கோப்பை இறக்க என் கை வரவில்லை.

ஸ்ட்ரிப் பிழையா, கரைசல் பிழையா, நான் பிழையா? அமுக்க நீராவியில் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவுக்குப் போடுவதுபோல், இலகுவில் சாகாத பக்டீரியா வித்துகளை (ஸ்போர்) வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் ஏதாவது இதற்கும் உண்டா?

மருந்தாளர், மட்டக்களப்பு:

முதலில் ஒன்று. ஸ்ட்ரிப் தோற்றால் அந்தக் கரைசல் முடிந்தது, அன்று ஆறாம் நாளா மூன்றாம் நாளா என்பது கணக்கில்லை. 14 நாள் என்பது அதிகபட்ச எல்லை. அதுவரை தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மறுபுறம், பதினைந்தாம் நாள் ஸ்ட்ரிப் நல்ல மஞ்சளாக வந்தாலும் அதை வைத்து நாளைக் கூட்டவும் கூடாது.

இனி உங்களிடம் சில கேள்விகள். ஸ்ட்ரிப் போத்தலைத் திறந்த திகதியை அதில் எழுதினீர்களா? ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்த பின் எத்தனை நிமிடத்தில் நிறம் பார்க்கிறீர்கள்? தட்டு இருக்கும் அறை எவ்வளவு சூடு? எத்தனை நாளுக்கு ஒருமுறை ஸ்ட்ரிப் போடுகிறீர்கள்?

உப்புவெளி தாதி:

திறந்த திகதி எழுதவில்லை. தாளில் சொன்ன நேரத்துக்கு மணிக்கூடு பார்த்துத்தான் நிறம் பார்க்கிறேன். அறையில் ஒரு மின்விசிறி மட்டும், தட்டு மேற்கு யன்னலுக்குக் கீழே இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் பின்னேரம் கதவைத் திறந்தால் அடுப்படிக்குள் நுழைவதுபோல் இருக்கும். ஸ்ட்ரிப் திங்களும் வியாழனும் மட்டும் போடுவோம்.

மருந்தாளர், மட்டக்களப்பு:

அப்படியென்றால் சந்தேகம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஸ்ட்ரிப்பைச் சோதிப்பது இலகு. புதிதாகக் கலந்த கரைசலில் மூன்று ஸ்ட்ரிப் முக்குங்கள், மூன்றும் தேறவேண்டும். அதே கரைசலில் கொஞ்சம் எடுத்து, சரி சமமாகத் தண்ணீர் விட்டு, இன்னும் மூன்று முக்குங்கள். 2.4 இப்போது 1.2 ஆகிவிட்டது. உங்கள் ஸ்ட்ரிப்பின் எல்லை 1.5, ஆகவே மூன்றும் தோற்கவேண்டும். இரண்டும் ஒழுங்காக வந்தால் ஸ்ட்ரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடற்கரை ஈரத்துக்கு அந்தப் போத்தல் மூடியை ஒரு நிமிடமும் திறந்து வைக்காதீர்கள்.

சூடு பற்றியும் சொல்லவேண்டும். போத்தலில் வரும்போது இந்தத் திரவம் அமிலத் தன்மையில் இருக்கும். அப்போது கெடாது, ஆனால் ஸ்போரைக் கொல்லவும் மாட்டாது. கூட வரும் தூளையோ திரவத்தையோ கலந்து காரமாக்கிய பிறகுதான் வீரியம் வருகிறது. அந்த நிமிடத்திலிருந்தே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவும் தொடங்கும். கோத்துக்கொண்டவை கிருமியைப் பிடிக்கமாட்டா. சூடு கூடினால் அது இன்னும் வேகமாக நடக்கும். தட்டை யன்னலடியிலிருந்து இன்றே எடுங்கள்.

ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி, உவர்மலை:

தங்கச்சி, வெள்ளைத் திட்டைக் கண்டு கையை இழுத்தீர்களே, அதுதான் சரி. பொறுப்பாளருக்குப் பயந்து அதை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சூடும் ஒரு காரணம்தான், ஆனால் எனக்கு வேறொன்றில் சந்தேகம். உபகரணங்களைக் குழாயில் கழுவிய கையோடு, சொட்டச் சொட்டக் கூடையோடு தட்டில் இறக்குகிறீர்களா? தட்டு எத்தனை லீற்றர்? கரைசல் மட்டம் நாளுக்கு நாள் குறைகிறதா?

உப்புவெளி தாதி:

ஓம் அக்கா, கூடையோடு கழுவி அப்படியே இறக்குவோம். தட்டு இரண்டு லீற்றர். மட்டம் குறைவதே இல்லை. அதனால்தான் நன்றாக மூடிவைக்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி, உவர்மலை:

மட்டம் குறையாததுதான் அடையாளம். ஒவ்வொரு தடவையும் கூடையோடு கொஞ்சம் மருந்து வெளியே போகிறது, அதே அளவு தண்ணீர் உள்ளே வருகிறது. கண்ணுக்கு மட்டம் அப்படியே இருக்கும்.

கிளினிக்கில் குழந்தை நிறுக்கும் தராசு இருக்கும். காய்ந்த கூடையை உபகரணங்களோடு நிறுங்கள். கழுவி, நீங்கள் வழமையாக இறக்கும் ஈரத்தோடு திரும்ப நிறுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் ஊற்றும் தண்ணீர்.

துலக்குவதையும் கவனியுங்கள். ஆய்வுகூடத்தில் தசைத் துண்டைப் பதப்படுத்தவும் இதே குளூட்டரால்டிஹைட்டைப் பாவிப்பார்கள். சளியோ இரத்தமோ ஒட்டியிருக்க ஊறவைத்தால், சூட்டில் முட்டை வெள்ளைக்கரு இறுகுவதுபோல் அது உபகரணத்திலேயே இறுகிவிடும். அதற்கடியில் இருக்கும் கிருமியை மருந்து தொடாது. என்சைம் கரைசலில் கழுவி, அலசி, நூல் கழராத துணியால் துடைத்து, சக்ஷன் முனைத் துளைக்குள் காற்று ஊதித் தண்ணீரை எடுத்துவிட்டு இறக்குங்கள். ஊறும் நடுவில் இன்னொரு உபகரணத்தைப் போட்டால் 45 நிமிடம் முதலிலிருந்து தொடங்கும்.

உலோகச் சக்ஷன் முனைகளை ஏன் இதில் போடுகிறீர்கள்? ஓட்டோகிளேவ் தாங்கும் எதையும் ஓட்டோகிளேவில் போடுங்கள். சூடு தாங்காத ஸ்கோப்புக்குத்தான் இந்த மருந்து.

ஸ்போர் டெஸ்ட் கேட்டீர்கள். ஓட்டோகிளேவில் ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற பக்டீரியாவின் ஸ்போரை வைத்து, பிறகு வளர்த்துப் பார்த்து அறியலாம். ஊறவைக்கும் தட்டுக்கு அப்படி வழமையாகப் போட எதுவும் இல்லை. செறிவுக்கு ஸ்ட்ரிப், சூட்டுக்கு வெப்பமானி, நேரத்துக்கு மணிக்கூடு, எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி. ஓட்டோகிளேவ் டேப்பை இந்தத் தட்டில் ஒட்டிய ஒரு பிள்ளையைக் கண்டிருக்கிறேன். அந்த டேப் சூட்டுக்கு நிறம் மாறுவது, மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கிண்ணியா, பல் கிளினிக்:

இங்கே ஒரு கேள்வி. சிறு சத்திரசிகிச்சைக் கத்தி, ஃபோர்செப்ஸ் எல்லாவற்றையும் அவசரத்துக்கு இதே மருந்தில் 45 நிமிடம் போட்டு எடுக்கலாமா?

ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி, உவர்மலை:

கூடாது தம்பி. ஸ்போல்டிங் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் உபகரணங்களை 1968இல் பிரித்துத் தந்த கணக்கு இன்றும் அதுதான். தோலையும் சவ்வையும் கிழித்து உள்ளே போவது முழுமையாகக் கிருமிநீக்கம் ஆகவேண்டும். சவ்வைத் தொடுவதோடு நிற்பதற்கு உயர்நிலைத் தொற்றுநீக்கம் போதும், அதில் ஸ்போர் சில தப்பலாம், மற்றக் கிருமிகள் சாகும். 45 நிமிடம் தருவது இரண்டாவதை மட்டும். இந்த மருந்தால் முழுக் கிருமிநீக்கம் வேண்டுமென்றால் 10 மணித்தியாலம் ஊறவேண்டும். உறையில் சுற்றவும் முடியாது, எடுத்து அலசும்போதே திரும்ப அழுக்காகலாம். உங்களிடம் ஓட்டோகிளேவ் இருக்கும்தானே, அதில் போடுங்கள்.

மருந்தாளர், மட்டக்களப்பு:

உப்புவெளிக்கு இன்னும் ஒன்று, இது கனமானது. திங்கள் தேறி வியாழன் தோற்றால் நடுவில் எந்த நேரத்தில் வீரியம் போனது என்று தெரியாது. அந்த இடைவெளியில் ஊறிய ஸ்கோப்பை எத்தனை பேருக்குப் பாவித்தீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு அவருடையது. தினம் பாவிக்கும் கரைசலுக்குத் தினமும், முதல் உபகரணம் இறங்குவதற்கு முன் ஸ்ட்ரிப்.

ஊறி முடிந்த ஸ்கோப்பைக் கிணற்றுத் தண்ணீரில் அலசாதீர்கள். கிருமிநீக்கிய தண்ணீர், பிறகு 70 சதவீத அல்கஹோல், பிறகு காற்றில் உலர்த்தல். கண் எரிகிறது என்றால் காற்றோட்டம் போதவில்லை. நைட்ரைல் கையுறை போடுங்கள், மெல்லிய லேட்டெக்ஸ் தாங்காது.

உப்புவெளி தாதி:

முடிவைச் சொல்ல வந்தேன். புதுக் கரைசலில் மூன்றும் தேறின, பாதி தண்ணீர் விட்டதில் மூன்றும் தோற்றன. ஸ்ட்ரிப்பில் குறையில்லை.

கூடையை நிறுத்தேன். ஈரத்தோடு 40 கிராம் கூட. ஒரு பின்னேரத்தில் ஐந்து தடவை இறக்குகிறோம், நாளுக்கு 200 மில்லி லீற்றர். ஐந்து நாளில் இரண்டு லீற்றர் தட்டில் ஒரு லீற்றர் அளவு தண்ணீர் மாறிப் புகுந்திருக்கிறது. மருந்தாளர் அண்ணா கணக்குப் போட்டுத் தந்தார்: சூட்டைச் சேர்க்காமலே 2.4 இலிருந்து 1.5க்குச் சற்றுக் கீழே வந்துவிடுமாம். ஆறாம் நாள் காலை நான் பார்த்ததும் அதைத்தான்.

வைத்தியரிடம் எல்லாம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கொப்பியை வாங்கி, அந்த நாட்களில் பார்த்தவர்களின் பட்டியலைத் தானே எடுத்துக்கொண்டார். சக்ஷன் முனைகள் இப்போது ஓட்டோகிளேவுக்குப் போகின்றன. தட்டு உள்ளறைக்கு மாறிவிட்டது. உபகரணங்களைத் துடைத்த பிறகே இறக்குகிறோம்.

இன்று ஒன்பதாம் நாள். காலையில் பட்டை முழு மஞ்சள். பதினான்காம் நாள் முடிந்ததும், எந்த நிறம் வந்தாலும் ஊற்றிவிடுவோம் என்று பொறுப்பாளரே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார்.