அம்மாவுக்கு ஏஎஃப், மாத்திரைக்கே மாசம் இவ்வளவு ஆகுமா?

கோவில்பட்டிக்காரன்:
அம்மாவுக்கு 67 வயசு, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, ஈசிஜி எடுத்தா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம் (ஏஎஃப்), அதாவது இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுற வியாதி. எக்கோ, ஒரு நாள் பூரா துடிப்ப பதியுற ஹோல்டர், தைராய்டு, கிட்னி டெஸ்ட்னு எல்லாம் பாத்தாச்சு, அது ஒரு தடவ செலவு, எப்படியோ சமாளிச்சோம். துடிப்பக் குறைக்கிற மெட்டோப்ரோலாலும் பெருசா விலை இல்ல. ஆனா ரத்தம் உறையாம இருக்க எலிக்விஸ் 5 எம்ஜி காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அதுக்கு மட்டும் மாசம் மூவாயிரத்துக்கு மேல போகுது, காலம்பூரா போடணுமாம். அம்மா என்னடான்னா காசு கரையுதேன்னு ராத்திரி மாத்திரைய போடாம டப்பால சேத்து வச்சிருக்காங்க, நேத்துதான் பாத்தேன். பக்கத்து வீட்டு சித்தப்பா ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம்ங்கிற பழைய மருந்து போடுறார், ரொம்ப சீப்புங்கிறார். மாத்திரலாமா? முதல்வர் காப்பீட்டு கார்டுல இது வருமா?

மதுரை அக்கா:
தம்பி, மாத்துறது கெடக்கட்டும், மொதல்ல அந்த ராத்திரி மாத்திரைய போடச் சொல்லுங்க. அந்த மருந்து சுமார் அரை நாள்தான் நிக்கும், அதனாலதான் ரெண்டு வேளை. ரத்தக்கட்டி மூளைக்குப் போயி பக்கவாதம் வந்துச்சுன்னா ஆகுற செலவுக்கு இதெல்லாம் தூசு. எங்க வீட்டுக்காரருக்கு மெட்டல் வால்வு வச்சிருக்கு, அவருக்கு அசிட்ரோம் மாதிரி பழைய மருந்துதான், வேற வழியில்ல. மாத்திரை சீப்புதான், ஆனா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அடிக்கடி பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட்டு காசு, பஸ் காசு, கூடப் போறவங்க சம்பளம் போறது இதையெல்லாம் யாரும் கணக்குல சேக்கிறதில்ல. ஒரு வாரம் தெனமும் கீரை வச்சு அடுத்த வாரம் விட்டுட்டா ஐஎன்ஆர் எகிறிரும், காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் போட்டாலும் மாறும், திரும்ப லேபுக்கு ஓடணும்.

மருந்துக்கடைக்காரன்:
அக்கா சொன்னது சரி. எலிக்விஸ்ங்கிறது கம்பெனி வச்ச பேரு, மருந்து பேரு அபிக்ஸாபான். 2022ல இங்க பேட்டன்ட் முடிஞ்சதுல இருந்து நம்ம ஊரு கம்பெனிங்க நிறைய பேரு போடுறாங்க, விலை கம்பெனிக்குக் கம்பெனி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். டாக்டர்கிட்ட வேற கம்பெனி எழுதித் தரச் சொல்லுங்க, அதே 5 எம்ஜி. மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகத்துலயும் ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க, டாக்டர்ங்க நிறைய பேருக்கு விலையே தெரியாது. இன்னொண்ணு, எக்கோ ரிப்போர்ட்ல மிட்ரல் வால்வு சுருக்கம்னு போட்டிருக்கா பாருங்க. ருமாட்டிக் காய்ச்சலால வால்வு நல்லா சுருங்கி இருந்தா பழைய மருந்துதான் பெட்டர்னு 2022ல இன்விக்டஸ் ஆய்வுல வந்துச்சு, அப்படி இருந்தா டாக்டர்கிட்ட கேட்டே ஆகணும். மூட்டுவலின்னு டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை மட்டும் சும்மா வாங்கிப் போட்ராதீங்க, ரத்தக்கசிவு வந்துரும்.

திருச்சி ஆடிட்டர்:
கார்டு வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், ஆனா பெரும்பாலும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகிப் பாக்குற வைத்தியத்துக்குத்தான், மாசாந்திர மாத்திரைக்கு வராது. பிரைவேட் பாலிசியும் பெரும்பாலும் அப்படித்தான், இந்த வியாதிக்கு காசு தண்ணியா போறதே அட்மிட் ஆகாம பாக்குற ஓபிலதான், அத மட்டும் எவனும் தரமாட்டான். இனிமே புதுசா பாலிசி எடுத்தாலும் ஏற்கனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க. நீங்க பழைய முறைல வரி கட்டுறீங்களா? அம்மாவுக்கு பாலிசி இல்லன்னா வருமான வரில (1961 சட்டத்துல 80டி) அவங்க மருத்துவச் செலவ 50,000 வரைக்கும் உங்க வருமானத்துல கழிக்கலாம், ஆனா கேஷ்ல குடுத்தா செல்லாது, ஜிபேல குடுத்து பில்ல பத்திரமா வைங்க.

கோவில்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. எக்கோல வால்வு நார்மல்னுதான் இருக்கு. டாக்டர்கிட்ட விலைய சொன்னதும் அவரே மொதல்லயே கேக்கக்கூடாதான்னு வேற கம்பெனி எழுதிக் குடுத்துட்டார், பாதிக்கும் கீழ வந்துருச்சு. அசிட்ரோம் பேச்ச விட்டாச்சு, சித்தப்பாதான் கொஞ்சம் கோவமா இருக்கார். அம்மாகிட்ட அதுலயும் பாதி விலைதான் சொல்லிருக்கேன், ராத்திரி மாத்திரை இப்ப ஒழுங்கா போகுது.