காலிமுகத்திடல் வானம்: தூரிகைத் தடம் தெரியலாமா?

வெள்ளவத்தைவாசி: கொழும்புக் காலிமுகத்திடலின் அந்தி வானத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறேன். பன்றிமயிர்த் தூரிகையின் வரிகள் முகில்களில் அப்படியே நிற்கின்றன. அந்த முரட்டுத்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடிவானத்தில் செம்மஞ்சள் கடல்நீலத்தோடு கலந்து சேறாகிறது. மென்தூரிகையால் தடவிவிடலாமா?

கொட்டாஞ்சேனை ஓவியன்: வேண்டாம் தம்பி! தடவத் தடவச் சேறு பரவும். செம்மஞ்சளும் நீலமும் எதிர்நிறங்கள். ஈரத்தில் சேர்ந்தால் சாம்பல்தான். அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி, கடல் பகுதியின் வண்ணத்தைக் காயவிடுங்கள். பிறகு தட்டைத் தூரிகையில் வண்ணத்தைத் தாராளமாக எடுத்து ஒரே இழுவை. உடனே கையை எடுத்துவிடுங்கள்.

தெஹிவளை வாசகி: அடிப்பூச்சு டர்பென்டைன் கலந்து மெலிதாக இருக்கட்டும், ஆளிவிதை எண்ணெய் மேல்பூச்சில்தான் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னர் வெடிப்பு விழும்.

வெள்ளவத்தைவாசி: சுரண்டிவிட்டேன், அண்ணா. முகில்களை மட்டும் யார் சொன்னாலும் தொடமாட்டேன்.