டச்பேட் எழும்பி நிற்கிறது: பற்றரியை வீட்டிலேயே மாற்றலாமா?

கல்லடி மாணவி:
அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. வந்தாறுமூலை கெம்பஸில் கடைசி வருடம் படிக்கிறேன். லெப்டொப் 2019 இல் வாங்கியது. இரண்டு கிழமையாக டச்பேடின் கீழ் விளிம்பு எழும்பி, ஐந்து ரூபாக் குற்றி நுழையும் அளவுக்கு இடைவெளி. கிளிக் விழவில்லை. டவுனில் ஒரு கடையில் ஒரு கிழமை விட்டுப் போகச் சொன்னார்கள். ஆய்வறிக்கை முழுக்க அதற்குள் இருக்கிறது, எப்படி விடுவது? தம்பி யூடியூப் பார்த்துத் தானே பற்றரியை மாற்றுகிறேன் என்று நிற்கிறான். விடலாமா?

கல்முனையிலிருந்து:
விடுங்க தங்கச்சி. என் லெப்டொப்பில் ராமும் (மெமரி) எஸ்எஸ்டியும் (ஃபைல்கள் சேமிக்கும் டிஸ்க்) நானே மாற்றினேன், கஷ்டமில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: ஸ்க்ரூக்கள் ஒரே நீளமில்லை. குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய ஓட்டையில் நீளமானதை முறுக்கி, கை வைக்கும் இடத்தில் மிளகு போல ஒரு புடைப்பு வந்துவிட்டது. இன்றைக்கும் உள்ளங்கையில் தட்டுப்படும். அதற்குப் பிறகு வெள்ளைத் தாளில் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவைக்கிறேன்.

காத்தான்குடி டெக்னீஷியன்:
தங்கச்சி, முதலில் சார்ஜரைக் கழற்றுங்க. இரவில் குத்திவிட்டுத் தூங்கவே வேண்டாம். டச்பேட்டைத் தள்ளுவது ஊதிய பற்றரி. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அமுக்கவோ, கத்தி முனையால் நெம்பவோ கூடாது, ஓட்டை விழுந்தால் தீப்பற்றும். இருக்கிற சார்ஜிலேயே ஆய்வறிக்கையைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு அணைத்து வையுங்க.

கல்முனைத் தம்பி சொன்னது ராமுக்குச் சரி. அதையும் பற்றரி கனெக்டரைக் கழற்றிய பிறகுதான் தொட வேண்டும். நல்ல பற்றரி ஸ்க்ரூவில் நின்றால் வீட்டிலேயே மாற்றலாம். லேபிளில் உள்ள பார்ட் நம்பரும் வோல்ட்டும் கனெக்டரும் ஒத்துப்போனால் போதும். ஊதியதை, அதுவும் பசையில் ஒட்டியதை, பழகாத கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஒரு கிழமை விட வேண்டியதும் இல்லை. உங்கள் முன்னாலேயே கழற்றித் தரச் சொல்லுங்க. பல லெப்டொப் பற்றரி இல்லாமலும் சார்ஜரில் ஓடும், கரண்ட் போனால் அணைந்துவிடும், அவ்வளவுதான். அடிக்கடி சேவ் பண்ணுங்க.

கல்லடி மாணவி:
நானா, மிச்சம் நன்றி. நேற்றுத் தம்பியோடு உங்கள் கடைக்கே வந்துவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: பற்றரி தலையணை போல ஊதியிருந்தது. அதை எடுத்ததும் டச்பேட் தானாக இறங்கிவிட்டது, கிளிக்கும் விழுகிறது. இப்போது சார்ஜரில்தான் எழுதுகிறேன். லேபிளில் 11.4 வோல்ட், 41 வாட் ஹவர்; பார்ட் நம்பரைப் படம் எடுத்துவைத்திருக்கிறேன். புதியது வந்ததும் தம்பி பூட்டுவான், நானா பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். பழையதைக் குப்பையில் போட விடவில்லை, கடைக்கு வெளியே மணல் வாளிக்குள் வைத்துவிட்டார்.