சிட்னி வந்து 12 நாள், சனிக்கிழமை ரூம் காலி பண்ணணும். வேலூர்க்காரங்க யாராச்சும் சொல்லுங்க

சத்துவாச்சாரி: 
ஒன்பது வீட்டுக்கு அப்ளை பண்ணியாச்சு, ஒரு ஏஜென்ட்டும் பதில் போடல. பையன் ராத்திரியெல்லாம் பாட்டி வீட்டுக்குப் போலாம்னு அழறான். வீடு கிடைச்சிடுச்சுன்னு அம்மாகிட்ட பொய் சொல்லி வச்சிருக்கேன். எந்தப் பக்கம் பார்க்கறது? அட்வான்ஸ் எவ்ளோ? வெளியூர்ல இருக்கிற ஓனர் ஒருத்தர், நாலு வார வாடகை போட்டா சாவி கூரியர்ல வரும்ங்கறார். போட்டுடலாமா?

ஆம்பூர் அண்ணன்: 
பயப்படாதம்மா. முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கோ. 1932-ல திறந்த பாலமும் 1973-ல திறந்த ஆபரா ஹவுஸும் துறைமுகத்துக்கிட்ட கீது. நம்ம ஜனம் அதிகம் இருக்கிறது அங்கிருந்து 25 கிலோமீட்டர் மேற்கே, பரமட்டா பக்கம். சிட்னி முழுக்க 2021 கணக்குப்படி 52 லட்சம் பேர், அதுல பத்துல நாலு பேருக்கு மேல வெளிநாட்டுல பிறந்தவங்க. கப்ரமட்டா போனா வியட்நாம் கடை, லக்கம்பா போனா லெபனான் ரொட்டி, ஹாரிஸ் பார்க் போனா இட்லி. நான் 2009-ல வந்தப்ப நாலு பேர் ஒரே ரூம்ல படுத்துகினு, ராத்திரி கிளீனிங் வேலைக்குப் போய்கினு இருந்தேன். பாலாத்துல தண்ணி வந்துச்சுன்னு போன்ல கேட்டு அழுதிருக்கேன்.

காட்பாடி அக்கா: 
வென்ட்வொர்த்வில், டூங்காபி பாரு கண்ணு. ஈழத்துக்காரங்க முன்னாடியே வந்து ஊன்றின இடம். மளிகை கிடைக்கும், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலும் கிட்டதான்.

வாலாஜா: 
அங்கயே போய் அடையாதீங்க. எல்லாரும் ஒரே வீட்டுக்கு அப்ளை பண்றதாலதான் கிடைக்கல. நாங்க ஹர்ஸ்ட்வில்ல சீனக் குடும்பங்களுக்கு நடுவுல நிம்மதியா இருக்கோம்.

காட்பாடி அக்கா: 
உங்களுக்கு நிம்மதி. பக்கத்து வீட்ல தமிழ்ல பேச ஆள் இல்லாம முதல் ஆறு மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

ராணிப்பேட்டை நைனா: 
நான் ஊர்ல இருந்து எழுதறேன். என் பேரன் அங்கதான் பிறந்தான், தாத்தான்றதோட தமிழ் முடிஞ்சுபோச்சு. எல்லாரும் போய்ட்டா இங்க யார் இருக்கிறது?

ஆம்பூர் அண்ணன்: 
நைனா, சனி ஞாயிறுல தமிழ்ப் பள்ளி நடக்குது. பன்னிரண்டாவது பரீட்சையிலயே தமிழ் ஒரு பாடமா எழுதலாம். பையன்கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லுங்க.

குடியாத்தம்: 
எல்லாரும் நிறுத்துங்க, அந்தப் பொண்ணுக்கு சனிக்கிழமை கெடு. சத்துவாச்சாரி, அந்த ஓனருக்கு ஒரு டாலர்கூட போடாதீங்க. உள்ள போய்ப் பார்க்காத வீட்டுக்குப் பணம் கேட்டாலே அது ஏமாத்து. நம்மூர் மாதிரி பத்து மாச அட்வான்ஸ் இங்க இல்ல. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டப்படி பாண்ட், அதான் இங்கத்து அட்வான்ஸ், நாலு வார வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, முன்வாடகை ரெண்டு வாரத்துக்கு மேல கேட்கக் கூடாது. பாண்ட் பணமும் ஓனர் கையில இருக்காது, அரசாங்கத்துக்கிட்ட இருக்கும். வாடகை வாரக் கணக்குல சொல்லுவாங்க, மாசம்னு நினைச்சு ஏமாறாதீங்க. இப்ப சொல்லுங்க, வேலை எங்க? எத்தனை பேர்? பையனுக்கு என்ன வயசு?

சத்துவாச்சாரி: 
மன்னிச்சுக்கோங்க, சொல்லவே இல்ல. வீட்டுக்காரருக்கு இங்க சிட்னியிலயே இருக்கிற லிவர்பூல்ல வேலை. மூணு பேர். பையனுக்கு வர்ற மே மாசம் அஞ்சு முடியும்.

குடியாத்தம்: 
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். அப்ப ஹர்ஸ்ட்வில் வேணாம். வென்ட்வொர்த்வில், மெரிலேண்ட்ஸ், கில்ட்ஃபோர்ட் மூணுலயும் கம்பர்லேண்ட் லைன் ரயில் நிக்கும், லிவர்பூலுக்கு நேரா போகும், சிட்டிக்குள்ள போய்ச் சுத்த வேணாம். ஜூலை 31-க்குள்ள அஞ்சு முடியற பிள்ளையை அந்த வருஷமே ஸ்கூல்ல சேர்க்கலாம். பெரும்பாலும் வீட்டு முகவரியை வச்சுதான் அரசுப் பள்ளி, அதனால ஸ்கூலையும் பார்த்து வீடு எடுங்க. விசாவைப் பொறுத்து ஃபீஸ் வரலாம், ஸ்கூல்ல கேட்டுக்கோங்க.

இங்க சம்பளச் சீட்டு இன்னும் வந்திருக்காது. ஆஃபர் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், பாஸ்போர்ட், ஊர்ல குடியிருந்த வீட்டு ஓனர்கிட்ட ஒரு கடிதம், எல்லாம் ஒரே ஃபைலா போடுங்க. வீடு பார்க்க விடறது பதினஞ்சு நிமிஷம்தான். முன்னாடியே போய் ஏஜென்ட்கிட்ட முகம் காட்டிப் பேசுங்க, வாசல்ல இருந்தே அப்ளை பண்ணுங்க. சனிக்கிழமைக்குள்ள அமையலன்னா தெரிஞ்சவங்க வீட்ல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து ரெண்டு வாரம் ஓட்டலாம், தப்பில்ல.

வாலாஜா: 
வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கான்னு பாருங்க. இங்க வெயில் வடக்குல இருந்து விழும். ஜூலைக் குளிர்ல அது பெரிய உதவி.

சத்துவாச்சாரி: 
பணம் போடல. வியாழக்கிழமை மெரிலேண்ட்ஸ்ல ஒரு வீடு பார்க்கப் போறோம், 4:15-க்கு.

காட்பாடி அக்கா: 
நான் அன்னிக்கு வீட்லதான். ஸ்டேஷன்ல பையனை என்கிட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் நிதானமா பாருங்க. குழாயைத் திறந்து பாரு, சுவத்துல ஈரம் இருக்கான்னு தொட்டுப் பாரு. சாவி வாங்கின அன்னிக்கே எல்லா அறையும் போட்டோ எடுத்துடு. ஏஜென்ட் தர்ற, வீட்டு நிலைமை எழுதின படிவத்தை ஏழு நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். அம்மாவுக்கு இன்னிக்கே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடு.