சாந்த்-மரி-த-லா-மேர் சாரா திருவிழா: போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லாசப்பல்வாசி

தென் பிரான்சின் இந்தக் கடற்கரை ஊருக்கு வருகிற மே மாதம் மறுபடி போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறா. 24 ரோமா, அதாவது ஜிப்சி மக்கள் கும்பிடும் சாராவுக்கு, 25 இயேசுவைப் பின்தொடர்ந்த இரண்டு மரியாள்களுக்கு, இதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு நிலவறையில் நடந்த ஒன்றைத்தான் கேட்க வேண்டும்.

கோயிலுக்கு அடியில் அந்தப் படிகளில் இறங்கினவர்களுக்கு அந்த வெக்கை தெரியும். மெழுகுவர்த்தி, புகை, தாழ்ந்த கூரை, நகர முடியாத சனம். சாராவுக்கு மேலங்கிக்கு மேல் மேலங்கியாகப் போர்த்தி, கறுத்த முகம் மட்டும்தான் வெளியே தெரியும். அம்மா பாரிஸிலிருந்து ஒரு சிவப்புச் சரிகைப் பட்டுத்துண்டு கொண்டுவந்திருந்தா. சிலைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ரோமா கிழவி அதை வாங்கி, விரித்துப் பார்த்து, சிலைக்குப் போடாமல் முதலில் அம்மாவின் தோளில் போர்த்திவிட்டார். அம்மாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு அதை எடுத்து சாராவுக்குப் போர்த்தினார். பின்னாலே ஆட்கள் தள்ளினார்கள், வெளியே வந்துவிட்டோம். அது அங்கே வழக்கமா, இல்லை அந்தக் கிழவியின் சொந்த யோசனையா? பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மாவைப் பொறுத்தவரை அது அம்மனே போர்த்திவிட்டதுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

புதுவை_மரியதாஸ்

தம்பி, உங்கள் அம்மாவின் பக்தியைக் குறை சொல்லவில்லை, ஆனால் சாராவை அம்மன் என்று எழுதுவதை இப்போது நிறைய இடத்தில் பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது. மரியாள்களோடு படகில் வந்த எகிப்தியப் பணிப்பெண் என்று ஒரு கதை, அவர்களைக் கரையில் வரவேற்ற உள்ளூர்ப் பெண் என்று இன்னொரு கதை. திருச்சபை அவளுக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததில்லை. சாராவைக் கடலுக்குத் தூக்கிப்போகும் ஊர்வலமே 1935இல்தான் தொடங்கியது, பாரோன்செல்லி என்ற உள்ளூர்ப் பிரபு பாடுபட்டு வாங்கிக்கொடுத்த அனுமதி அது. ஆயிரம் வருட வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

போர்த்துவதை நான் பார்த்ததில்லை. எனக்கு மறக்காதது 24ஆம் தேதி மதியம் பேழை இறக்குவது. மேல்மாடக் கோயிலிலிருந்து மரியாள்களின் எலும்புப் பேழையைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்குவார்கள், கயிறு முழுக்கப் பூ. கீழே எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி, "விவ் லே சாந்த் மரி" (புனித மரியாள்கள் வாழ்க) என்று கத்தல், உடனே இன்னொரு மூலையிலிருந்து சாராவுக்கு அதைவிடப் பெரிய கத்தல். எனக்கு முன்னால் ஒருவர் தன் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். பேழை கைக்கு எட்டும் உயரம் வந்ததும் குழந்தையின் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்து அழுத்தினார். குழந்தை வீரிட்டு அழுதது, அவரும் அழுதார். சட்டையெல்லாம் மெழுகு.

காமார்க்_கொசு

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஊருக்குள் அறை கிடைக்கும் என்று ஏப்ரலில் தேடாதீர்கள். நிரந்தரமாக 3,000 பேர்கூட இல்லாத ஊர், அந்த வாரம் பல்லாயிரம் பேர் கேரவனோடு வந்து இறங்குகிறார்கள். ஆர்லில் தங்குங்கள். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர், பேருந்து இருக்கிறது, ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் கடைசிப் பேருந்து நேரத்தை முதலில் பாருங்கள், அப்புறம் மற்றதெல்லாம். பாரிஸிலிருந்து வருகிறவர்கள் அவிஞோன் வரை தெஜெவே அதிவேக ரயில், பிறகு மாறலாம். காரில் வந்தால் காலையிலேயே வந்துவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிவருகிறீர்கள் என்றால் நிலவறையை விடியலிலேயே முடித்துவிடுங்கள். கொசு மருந்து கட்டாயம், இந்தக் காமார்க் பகுதியே சதுப்புநிலம், சாயங்காலம் ஆளைத் தூக்கிவிடும். மிஸ்ட்ரால் காற்று அடித்தால் மே மாதத்திலும் குளிரும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஊருக்குச் சற்று முன்னாலேயே போன்-த-கோ பறவைப் பூங்கா, பூநாரைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். பர்ஸை முன்பக்கம் வையுங்கள், ஜிப்சிக் கூட்டம், சொல்லத் தேவையில்லை. கூட்டமே பிடிக்காது என்றால் அக்டோபர் 22ஐ ஒட்டிய ஞாயிறும் ஊர்வலம் உண்டு, அதுவே நிம்மதி.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, போனேன், வந்தேன். குதிரை ஒன்று என் காலை மிதித்தது.

மோன்பெலியே_மாணவி

கொசு அண்ணா, அந்த பர்ஸ் வரி தேவையா? அது அவர்கள் திருவிழா, நாம்தான் விருந்தாளிகள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்வலம் முடிந்து கடற்கரைச் சாலையில் ஒரு காபிக்கடை. எங்கள் மேசைக்குக் குடித்தபிறகுதான் பில் வந்தது. பக்கத்து மேசையில் ஒரு ரோமா பெரியவர், கோட்டு, தொப்பி, முழங்கால் வரை பேண்ட் நனைந்திருந்தது, சிலையைத் தூக்கிக் கடலில் இறங்கியவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் மட்டும் பணத்தை முதலில் வை என்றார்கள். அவர் சண்டை போடவில்லை. பாக்கெட்டிலிருந்து சில்லறையை எடுத்து ஒவ்வொரு காசாக, அவ்வளவு மெதுவாக, பரிசாரகர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேசையில் அடுக்கினார். கடை முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. கடைசிக் காசை வைக்காமல் விரலில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார், காபி வந்த பிறகுதான் வைத்தார். வெள்ளைக் குதிரைகளில் திரிசூலத்தோடு வந்த கார்தியான்கள் (காமார்க் மாடு மேய்ப்பவர்கள்), ஆர்ல் பெண்களின் பட்டுடை எல்லாம் படமாகக் கைபேசியில் இருக்கிறது. இது ஒன்றுக்குத்தான் படம் இல்லை.

காமார்க்_கொசு

எந்தக் கூட்டத்திலும் பர்ஸ் போகும், அதைத்தான் சொன்னேன். சரி, "ஜிப்சி" என்ற வார்த்தையை எடுத்துவிட்டுப் படியுங்கள். ஆர்ல் அறையை மட்டும் மறக்காதீர்கள்.

லாசப்பல்வாசி

அம்மாவிடம் அக்டோபர் பற்றிச் சொன்னேன். சனம் இல்லாவிட்டால் அது என்ன திருவிழா என்கிறா. ஆகவே மேதான். மரியதாஸ் அண்ணை, 1935ஐயும் சொன்னேன், "அவளுக்கு வழி விட அவ்வளவு காலம் எடுத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னா.

மாட்டுக்காரவேலன்_நீம்

யாரும் 26ஐப் பற்றிப் பேசவில்லையே. அது அதே பாரோன்செல்லியின் நினைவு நாள். கார்தியான்கள் காளைகளைக் குதிரைகளுக்கு நடுவில் அடக்கித் தெருவழியே ஓட்டி வருவார்கள், அப்புறம் அரங்கில் காமார்க் மாட்டு விளையாட்டு. இதில் காளையைக் கொல்ல மாட்டார்கள், கொம்பில் கட்டியதைப் பறிப்பதுதான் ஆட்டம், நம் மஞ்சுவிரட்டு பார்த்தவனுக்கு விளக்கவே வேண்டாம். வெள்ளை உடையில் ஒரு பையன் பறிக்கப் போய்த் தடுப்பைத் தாண்டிக் குதித்தான், காளையும் அவன் பின்னாலேயே தாண்டி வந்துவிட்டது. என் மடியில் இருந்த சாண்ட்விச் எங்கே போனது என்று தெரியாது. மாடு ரொம்ப நிதானமாக உள்ளே திரும்பிப் போனது, சனம் எழுந்து நின்று கைதட்டியது மாட்டுக்குத்தான். 25 சாயங்காலமே கிளம்பிவிடாதீர்கள்.